அடுக்குமாடிக் குடியிருப்பில் திருக்கார்த்திகை: அகல் வாங்குவது முதல் குப்பைக் கார்த்திகை வரை

திருக்கார்த்திகை வாசலுக்கு உரிய பண்டிகை. தீபாவளிக்கு எண்ணெய்க் குளியல், புத்தாடை, பலகாரம், பட்டாசு என்று வேலைகள் பல உண்டு. கார்த்திகைக்கு விளக்கு ஒன்றுதான் பிரதானம், அதுவும் தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி வாசலில் எரிய வேண்டும். நிறைமதியோடு அறுமீன் என்னும் கிருத்திகை நட்சத்திரம் சேரும் இரவில் மூதூரின் தெருக்களில் விளக்கேற்றிய செய்தி சங்கப் பாடலிலேயே வருகிறது. 7-ஆம் நூற்றாண்டில் மயிலாப்பூரைப் பாடிய திருஞானசம்பந்தர், அவ்வூர்ப் பெண்கள் கொண்டாடிய கார்த்திகை விளக்கீட்டைக் குறிப்பிடுகிறார். ஆகவே இதைக் கிராமத்திலிருந்து நகரத்துக்குக் கொண்டுவந்து ஒட்டவைத்த பண்டிகை என்று நினைத்துக்கொண்டு தயங்க வேண்டியதில்லை. இன்றைய சென்னைக்குள் இருக்கும் ஒரு பேட்டையில் இந்த வழக்கத்துக்கு 1,300 ஆண்டு வயது.

மாறியது வீட்டின் அமைப்புதான். திண்ணை இல்லை, மாடம் இல்லை, கிணற்றடி இல்லை. வாசல் என்று இருப்பது எதிர்வீட்டாரோடும் லிஃப்டுக்குக் காத்திருப்பவர்களோடும் பகிர்ந்துகொள்ளும் நடைபாதை. ஒன்பதாவது மாடியில் வடகிழக்குப் பருவக்காற்று அகலைக் கால் மணி நேரம்கூட எரிய விடாது. விளக்கேற்ற வேண்டிய நேரத்தில் வீட்டுக்காரர்களில் பாதிப்பேர் பழைய மகாபலிபுரம் சாலையில் வாகன நெரிசலில் நின்றுகொண்டிருப்பார்கள். இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு, சென்னை போன்ற நகரத்தில் அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர் இப்பண்டிகையை முறையாகவும் ஆபத்தில்லாமலும் கொண்டாடுவது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். முழுவதற்கும் அடிப்படையாக ஒன்றை மட்டும் முன்னதாகச் சொல்லிவிடுகிறேன். விளக்குகளின் எண்ணிக்கையில் தாராளமாகச் சமரசம் செய்துகொள்ளலாம். வாசல் விளக்கில் மட்டும் கூடாது. நட்சத்திரக் கணக்குப்படி 27 விளக்கு ஏற்றிய குடும்பம் இடமில்லாமல் ஐந்தோடு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது. வாசலை இருட்டாக விட்டுவிட்டுப் பால்கனி முழுவதும் மின்சரம் தொங்கவிட்டால், அது கார்த்திகையாக இருக்காது.

முதற்படி: உங்கள் வீட்டுக்கு எந்த நாள்?

கார்த்திகை மாதத்தில் கிருத்திகை நட்சத்திரமும் பௌர்ணமியும் கூடும் நாளையொட்டித் தீபம் வருகிறது. இரண்டும் எப்போதும் ஒரே நாளில் முழுதாகப் பொருந்துவதில்லை என்பதால் ஆண்டுக்கு ஆண்டு தேதி நகரும். 2023-இல் நவம்பர் 26, 2024-இல் டிசம்பர் 13, 2025-இல் டிசம்பர் 3 என்று திருவண்ணாமலைத் தீபம் வந்தது. காலண்டரில் ‘திருக்கார்த்திகை’ என்று அச்சிட்டிருக்கும் நாள் பெரும்பாலும் இந்த அண்ணாமலையார் தீப நாளாகவே இருக்கும். வைணவக் குடும்பங்கள் பல, பெருமாள் கோயில் தீபத்தை ஒட்டிக் கொண்டாடுகின்றன; பாஞ்சராத்திரம், வைகானசம் என்னும் பெருமாள் கோயில் வழிபாட்டு முறைகளுக்குரிய தீபங்களையும் எல்லாக் கோயில்களுக்கும் பொதுவான சர்வாலய தீபத்தையும் பஞ்சாங்கத்தில் தனித்தனியே குறித்திருப்பது இதற்காகத்தான். சில ஆண்டுகளில் எல்லாம் ஒரே நாளில் வரும், சில ஆண்டுகளில் ஒரு நாள் தள்ளிப் போகும். ஊரிலிருக்கும் பெரியவர்களிடம் “நம்ம வீட்டுக்கு எது?” என்று தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

தீபம் ஒரே நாளோடு முடிவதுமில்லை. முந்தைய மாலை பரணி தீபம், நடுநாள் பெரிய கார்த்திகை, அடுத்த நாள் குப்பைக் கார்த்திகை என்று மூன்று நாள் விளக்கேற்றும் வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. திருவண்ணாமலைக் கோயிலில் பரணி தீபத்தைத் தீப நாளன்று விடியற்காலையில் ஏற்றுவார்கள். வீடுகளில் அதை முந்தைய நாள் அந்தியில் ஏற்றுவதே பெருவழக்கு. திருவண்ணாமலை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள், சென்னைக்கு விடமாட்டார்கள். ஆகவே தேதி தெரிந்தவுடனே அலுவலகத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவைப்பதும், அது முடியாவிட்டால் மாலை நான்கு மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்கிவைப்பதும் இந்த முதற்படியில் அடங்கும்.

இரண்டாம் படி: சங்கத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லுதல்

நடைபாதையும் படிக்கட்டும் மொட்டைமாடியும் பொது இடங்கள். உங்கள் கதவுக்கு இருபுறமும் இரண்டு அகல் வைக்க யாரும் அனுமதி கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. நடைபாதை நெடுக வரிசையாக வைப்பதானாலும், மொட்டைமாடியில் எல்லோரும் சேர்ந்து ஏற்றுவதானாலும், ஒரு வாரம் முன்னதாகக் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நேரத்தையும் இடத்தையும் தெரிவித்துவிடுவது சரியான முறை. வாடகைக்கு இருப்பவர்கள், சங்கத்தோடு வீட்டு உரிமையாளர் காதிலும் போட்டுவைப்பது பின்னால் வரும் பேச்சைத் தவிர்க்கும்.

எதிர்வீட்டாருக்கு நேரில் சொல்வதே முறை. அவர்கள் வேறு சமயத்தவராக இருக்கலாம், ஆஸ்துமா உள்ள குழந்தை இருக்கலாம், கதவைத் திறந்ததும் ஓடிவரும் நாய் இருக்கலாம். “சாயந்திரம் ஆறு மணியிலிருந்து ஒரு ஏழரை வரைக்கும் வாசல்ல விளக்கு இருக்கும்ங்க, கொஞ்சம் பாத்துப் போங்க” என்ற ஒரு சொல் போதும். இரவுக் காவலாளிக்கும் இதே தகவல் போக வேண்டும். ஏதாவது நேர்ந்தால் முதலில் ஓடிவருபவர் அவர்தான்.

மூன்றாம் படி: அகல், எண்ணெய், திரி

கார்த்திகைக்குப் பத்து நாள் முன்னதாகவே மயிலாப்பூர் மாடவீதிகளிலும் புரசைவாக்கத்தை ஒட்டிய கொசப்பேட்டையிலும் அகல்கள் குவியத் தொடங்கிவிடும். வாங்கும்போது அழகைவிட அடிப்பாகத்தைக் கவனிக்க வேண்டும். தட்டையான தரையில் வைத்து விரலால் ஓரத்தை மெல்ல அழுத்திப் பாருங்கள். ஆடினால் அதை விட்டுவிடுங்கள். வண்ணமும் கண்ணாடிச் சில்லும் ஒட்டிய அகல்கள் கொலுவுக்கும் புகைப்படத்துக்கும் பொருந்தும், சூடேறும் இடத்தில் அந்த வண்ணம் கருகி நாறும். மூக்குப் பகுதி ஆழமாக இருப்பதும் முக்கியம். மூக்கு மேலோட்டமாக இருந்தால் திரி சரிந்து எண்ணெய்க்குள் விழுந்து அணையும், அல்லது எண்ணெய் திரி வழியாக வெளியே கசிந்து கீழே குளமாகும்.

புதிய மண் அகல் எண்ணெயைக் குடிக்கும். அதனால் வாங்கி வந்ததும் ஒரு வாளித் தண்ணீரில் மூழ்கப் போடுங்கள். உள்ளே இருக்கும் காற்று சிறு குமிழிகளாக ‘சுர்’ரென்று மேலே வரும், அது நின்ற பிறகும் ஓர் இரவு முழுவதும் ஊறட்டும். மறுநாள் எடுத்துத் துடைத்து நன்றாக உலர்த்த வேண்டும். கார்த்திகை மழைக்காலம் என்பதால் வெயிலை நம்பிக் கடைசி நாளில் ஊறவைக்கக் கூடாது. ஈரம் உலராத அகலில் திரி படபடவென்று பொரிந்து எண்ணெயைத் தெறிக்கவிடும். நான்கைந்து நாள் இடைவெளி இருந்தால் மின்விசிறிக் காற்றிலேயே உலர்ந்துவிடும்.

எண்ணெய்க்கு நல்லெண்ணெயே எளிது. நெய் மணக்கும், ஆனால் குளிர்ந்த காற்றில் உறைந்து திரிக்கு ஏறாமல் நிற்கும். பூசையறையில் ஏற்றும் ஒரு விளக்குக்கு நெய்யும் மற்றவற்றுக்கு நல்லெண்ணெயும் என்று வைத்துக்கொள்ளலாம். நல்லெண்ணெயோடு சிறிதளவு விளக்கெண்ணெய் கலந்தால் விளக்கு நின்று எரியும். கூடுதலாகக் கலந்தால் கெட்டிப்பட்டுத் திரியில் ஏறாது. கடைகளில் ‘தீப எண்ணெய்’ என்று மலிவாக விற்பனையாகும் பாட்டில்களின் லேபிளைப் படித்துப் பார்த்து, என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்று குறிப்பிடாதவற்றைத் தவிர்த்துவிடுவது என் வழக்கம். காற்றோட்டம் குறைந்த நடைபாதையில் அவற்றின் கரிப்புகையும் நெடியும் சகிக்காது.

திரி விஷயத்தில் அவசரம் கூடாது. பஞ்சுத் திரியானாலும் நூல்திரியானாலும் ஒரு மணி நேரமாவது எண்ணெயில் ஊறியிருக்க வேண்டும். அகலின் மூக்கில் வைக்கும்போது நுனி அரிசிமணி அளவுக்கு மட்டும் வெளியே தலைநீட்டினால் சுடர் சிறிதாக, கரியில்லாமல் நிற்கும். விரற்கடை அளவுக்கு இழுத்துவிட்டால் சுடர் நீண்டு ஆடும், சுவரில் கருப்புப் படியும், எண்ணெயும் விரைவில் தீரும். நுனியில் கற்பூரத் தூளைத் துளி தொட்டுவைத்தால் ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொள்ளும். முந்தைய வாரம் ஒரு நாள் மாலை ஓர் அகலை உங்கள் வாசலிலேயே ஏற்றி, எவ்வளவு எண்ணெய்க்கு எவ்வளவு நேரம் எரிகிறது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை நாளில் ஏற்படும் தடுமாற்றங்களில் பாதி இந்த ஒத்திகையிலேயே தீர்ந்துவிடும்.

பித்தளைக் குத்துவிளக்கை இரண்டு நாள் முன்னதாகப் புளியும் சபீனாவும் போட்டுத் தேய்த்து, ஈரமில்லாமல் துணியால் துடைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் அப்படியே காயவிட்டால் மறுநாளே கறுத்துப் போகும்.

நான்காம் படி: எங்கெங்கே வைப்பது

பழைய வீட்டில் விளக்கு வைக்கும் இடங்கள் யாரும் சொல்லித்தர வேண்டாத அளவுக்குத் தெளிவானவை: வாசலின் இருபுறம், திண்ணை, மாடம், துளசி மாடம், அடுக்களை, அம்மி, ஆட்டுக்கல், கிணற்றடி, மாட்டுக்கொட்டில், கொல்லை. வீட்டை நடத்தும் ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு என்பது இதன் கணக்கு. தண்ணீர் தரும் இடம், சோறு ஆக்கும் இடம், மாவரைக்கும் இடம், உழைக்கும் மாடு நிற்கும் இடம், குப்பை போய்ச் சேரும் இடம் என எதையும் விடுவதில்லை. இந்தக் கணக்கை அப்படியே அடுக்குமாடி வீட்டுக்குப் பெயர்த்துக்கொள்ளலாம் என்பது என் துணிபு. கிணற்றடிக்குப் பதில் கீழே சம்ப் மூடியும் மோட்டார் அறை வாசலும். ஆட்டுக்கல்லுக்குப் பதில் கிரைண்டர் இருக்கும் மேடை. துளசி மாடத்துக்குப் பதில் பால்கனித் தொட்டி. மாட்டுக்கொட்டிலுக்குப் பதில் வண்டி நிறுத்துமிடம்.

ஆனால் எல்லா இடத்திலும் நெருப்பு வைக்க முடியாது. வண்டி நிறுத்துமிடத்தில் பெட்ரோல் ஆவியும் மின்வாகனச் சார்ஜரும் இருக்கின்றன. அங்கே பேட்டரியில் எரியும் அகல் வைப்பதே முறை. மோட்டார் அறையில் மின்பலகை இருப்பதால் விளக்கு வெளியே, சம்ப் மூடிமேல் ஒரு தட்டில் இருக்கட்டும். சமையலறையில் கேஸ் அடுப்பை அணைத்து ரெகுலேட்டரை மூடிய பிறகு, குழாய் போகும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு விளக்கு வைக்கலாம். படிக்கட்டில் படிக்கொன்றாக அகல் வைப்பது பார்க்க அழகுதான்; இறங்குகிறவரின் சேலை முந்தானையும் வேட்டி நுனியும் அதன்மேல்தான் புரளும். படிகளுக்கு மின்சரம் போதும். தீவிபத்தின்போது இறங்குவதற்கென்று இருக்கும் வழியிலும் லிஃப்ட் வாசலிலும் எதையும் வைக்கக் கூடாது.

வாசலுக்கு வருவோம். முதலில் அங்கே இருக்கும் பொருள்களை அப்புறப்படுத்துங்கள்: செருப்பு ஸ்டாண்ட், கால்மிதி, நேற்று வந்த அட்டைப்பெட்டி, நிலைப்படியில் தொங்கும் பிளாஸ்டிக் தோரணம். தரையை ஈரத்துணியால் துடைத்து, ஊறவைத்த அரிசியை அரைத்த மாவில் இழைக்கோலம் போட்டால் வழவழப்பான டைல்ஸிலும் நிற்கும், மறுநாள் துடைத்தால் போய்விடும். காவியிட விரும்பினால் விளிம்பில் மட்டும் இட்டுக்கொள்ளுங்கள். நடைபாதையில் போகிறவர் காலில் ஒட்டி எல்லார் வீட்டு வாசலுக்கும் போகும். ஸ்டிக்கர் கோலம் ஒட்டியிருந்தால் அதன்மேல் நேரடியாக அகலை வைக்கக் கூடாது, சூட்டில் உருகிச் சுருளும்.

அகலைத் தரையில் நேரே வைப்பதைவிட, ஓரம் உயர்ந்த எவர்சில்வர் தட்டில் விரற்கடை உயரத்துக்கு மணல் பரப்பி அதில் அகலை அழுத்தி வைப்பதையே நான் எல்லோருக்கும் சொல்வேன். கசியும் எண்ணெயை மணல் உறிஞ்சிக்கொள்ளும். கால் பட்டாலும் அகல் கவிழாது. விளக்கு மலையேறிய பிறகு தட்டோடு தூக்கி உள்ளே வைத்துவிடலாம். கிரானைட்டிலும் பளிங்கிலும் எண்ணெய்க் கறை ஊறிவிட்டால் எளிதில் போகாது என்பதை வாடகை வீட்டில் இருப்பவர்கள் முக்கியமாக மனத்தில் வைக்க வேண்டும்.

பால்கனியில் கவனிக்க வேண்டியது புறாவலை. அது நைலான், சுடரின் சூடு பட்டாலே உருகிச் சொட்டும், சொட்டுவது எரிந்துகொண்டே சொட்டும். ஆகவே வலையிலிருந்தும் துணிக்கொடியிலிருந்தும் திரைச்சீலையிலிருந்தும் ஒரு கை நீளத்துக்குமேல் தள்ளி, தரையில், உட்சுவரை ஒட்டியே விளக்கு இருக்க வேண்டும். கைப்பிடிச் சுவரின்மேல் அகலை வரிசையாக அடுக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். தனி வீட்டு மதிலில் அது சரி. ஏழாவது மாடியிலிருந்து ஒரு மண் அகல் காற்றில் தள்ளிக் கீழே விழுந்தால் யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது. கைப்பிடிச் சுவருக்கு மின்சரம் கட்டலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

ஐந்தாம் படி: காற்றையும் மழையையும் சமாளித்தல்

கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே வருகின்றன. கடலோர நகரத்தின் உயர்மாடிகளில் மழை இல்லாவிட்டாலும் காற்று இருக்கும். வாய் அகன்ற மண்சட்டி அல்லது பூந்தொட்டி ஒன்றைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் வாய் வீட்டை நோக்கியிருக்கும்படி வைத்து, உள்ளே அகலை ஏற்றினால் பழைய மாடம் செய்த வேலையை அது செய்யும். தொட்டியின் முதுகு காற்றை வாங்கிக்கொள்ளும். உருளாமலிருக்க இருபுறமும் செங்கல் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சிம்னி மூடிய விளக்குகளும் கிடைக்கின்றன. மேற்புறம் திறந்திருப்பவற்றையே வாங்க வேண்டும். காற்று வருகிறது என்பதற்காக அட்டையையோ பிளாஸ்டிக் டப்பாவையோ மறைப்பாக வைப்பது வினையை விலைக்கு வாங்குவதாகும்.

நாள் முழுவதும் மழை கொட்டினால் வெளிவிளக்கை நிலைப்படிக்கு உட்புறம், கதவைத் திறந்துவைத்து, வெளியே தெரியும்படி ஏற்றினால் போதும்.

ஆறாம் படி: பொரி உருண்டை

படையலுக்கு அப்பம், அடை, பாயசம் என்று வீட்டுக்கு வீடு வேறுபடும். தென்மாவட்டத்துக்காரர்கள் பனையோலைக் கொழுக்கட்டை இல்லாத கார்த்திகையைக் கார்த்திகையாகவே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஓலை கிடைத்தால் செய்யலாம். எல்லோராலும் செய்ய முடிவது பொரி உருண்டை. நெல்பொரி அல்லது அவல்பொரி, எதுவானாலும் முதலில் வெறும் வாணலியில் லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள், மழைக்காலத்தில் பொரி கடையிலேயே நமுத்துப் போயிருக்கும். நெல்பொரியில் உமி ஒட்டியிருக்கும், பொறுமையாகப் பொறுக்க வேண்டும்.

நான்கு பங்கு பொரிக்கு ஒரு பங்கு பொடித்த வெல்லம் என்பது நடுத்தரமான அளவு. வெல்லம் மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, மீண்டும் அடுப்பில் ஏற்றுங்கள். பாகு நுரைத்துப் பொங்கி, பிறகு குமிழிகள் பெரிதாகிக் கனத்துச் சோம்பலாக உடையத் தொடங்கும்போது, கிண்ணத்தில் தண்ணீர் வைத்து ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். கரைந்தால் ஆகவில்லை. விரலால் திரட்ட வந்தாலும் அமுங்கும் உருண்டையாக இருந்தால் இன்னும் ஒரு நிமிடம் வேண்டும். திரட்டிய உருண்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் கேட்க வேண்டும். அப்போது அடுப்பை அணைத்து, ஏலக்காயும் சுக்குப்பொடியும் நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல்லும் சேர்த்துப் பொரியில் கொட்டிக் கிளறுங்கள். கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு, சூடு பொறுக்கும் பதத்திலேயே இரண்டு பேர் சேர்ந்து பிடித்தால்தான் முடியும். நடுவில் இறுகிவிட்டால் வாணலியை மிதமான தீயில் அரை நிமிடம் காட்டினால் இளகும். ஆறியதும் காற்றுப் புகாத எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிவிட வேண்டும். முந்தைய இரவே செய்துவிட்டால் மறுநாள் மாலை விளக்கு வேலைக்கு நேரம் கிடைக்கும்.

ஏழாம் படி: அந்தி வேளை

சென்னையில் டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் மாலை 5.40 மணியளவில் மறைகிறது. திருவண்ணாமலையில் 2,668 அடி உயர மலையுச்சியில் ஆறு மணிக்கு மகாதீபம் ஏற்றும் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டே, “அண்ணாமலைக்கு அரோகரா” என்று முழக்கம் எழும்போது வீட்டு விளக்கை ஏற்றுவது இன்று பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. ஊரே ஒரே நேரத்தில் விளக்கேற்றும் உணர்வை அடுக்குமாடி வாழ்க்கைக்குத் திருப்பித் தந்தது தொலைக்காட்சிதான் என்பதால் இதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். அதற்குமுன் கோயிலில் அர்த்தநாரீசுவரர் சற்று நேரமே வெளியே வந்து ஆடித் திரும்புவதைத் தவறவிடாமல் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

ஐந்து மணிக்குள் அகல்கள் தட்டில் அடுக்கி, திரி போட்டு, முக்கால் அளவுக்கு எண்ணெய் விட்டுத் தயாராக இருக்க வேண்டும். விளிம்புவரை விட்டால் ஏற்றியவுடனே வழியும். முதலில் பூசையறைக் குத்துவிளக்கு. அதிலிருந்து ஒரு கைவிளக்கில் நெருப்பை எடுத்து வாசலின் இரண்டு அகல்களை ஏற்றுங்கள். பிறகே உள்ளிடங்களும் பால்கனியும். ஏற்றுகிறவர் பருத்தி உடையில் இருப்பது நல்லது. பட்டுச் சேலையானால் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். பிள்ளைகளின் நைலான், நெட் பாவாடைகள் பண்டிகைப் புகைப்படத்தோடு நிற்கட்டும், விளக்கருகே வேண்டாம்.

ஆறு மணிக்கு யாரும் வீட்டில் இல்லையென்றால் ஏழு மணிக்கு ஏற்றலாம், எட்டு மணிக்கும் ஏற்றலாம். அவசர அவசரமாக ஏற்றிவைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவது மட்டும் கூடாது. விளக்கு எரியும்வரை ஒருவர் வாசலை ஒட்டி இருக்க வேண்டும். முறை வைத்துக்கொண்டு இருங்கள். கைக்கெட்டும் இடத்தில் ஒரு வாளி மணல், ஈரத்தில் பிழிந்த ஒரு பருத்தித் துண்டு, ஒரு பெரிய எவர்சில்வர் மூடி ஆகியவை இருக்கட்டும். எண்ணெய் தீப்பிடித்தால் மூடியால் கவிழ்த்து மூட வேண்டும், தண்ணீர் ஊற்றினால் தீ தெறித்துப் பரவும். சுட்டுக்கொண்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, நெய் எதுவும் தடவக் கூடாது. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. புகை அலாரம் உள்ள கட்டடங்களில் அகல் விளக்கைவிடச் சாம்பிராணிப் புகைதான் அலாரத்தை எழுப்பும். அதை வீட்டுக்குள் சன்னலைத் திறந்துவைத்துப் போடுங்கள்.

விளக்கேற்றி முடிந்ததும் பெண்கள் உடன்பிறந்தவர்களின் நலனுக்காக வேண்டிக்கொள்வதும், உடன்பிறந்தவர்கள் கார்த்திகைச் சீர் தருவதும் பல குடும்பங்களில் உண்டு. அண்ணனும் தம்பியும் வேறு நாட்டில் இருக்கும் வீடுகளில் வீடியோ அழைப்பில் விளக்கைக் காட்டுவது இப்போது இயல்பாகிவிட்டது.

உயர்மாடிவாசிகளுக்கு ஒரு வசதி உண்டு. மழை விட்டிருந்தால் அந்த நேரத்தில் நிறைமதி கிழக்கே எழும்பும். அதன் அருகிலேயே கிருத்திகைக் கொத்து இருக்கும். நிலவொளியில் அறுமீன் மங்கலாகத்தான் தெரியும், நிலவைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பார்த்தால் தென்படும் வாய்ப்பு அதிகம். இந்தப் பண்டிகையின் நாளைத் தீர்மானிப்பதே அந்தச் சேர்க்கைதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல தருணம் கிடைக்காது.

சொக்கப்பனையும் மாவலியும்

சொக்கப்பனை வீட்டில் செய்யும் காரியம் இல்லை. மொட்டைமாடியில் சிறியதாகச் செய்து பார்ப்போம் என்று யாராவது குழுவில் எழுதினால் உறுதியாக மறுத்துவிடுங்கள். பனைமரத் துண்டை நட்டு, ஓலை வேய்ந்து, கோயில் வாசலில் கொளுத்துவது அது. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலிலும் நகரின் பேட்டைக் கோயில்கள் பலவற்றிலும் பார்க்கலாம். வீட்டு விளக்குகளை அமர்த்திவிட்டுக் குடும்பத்தோடு போய்வாருங்கள், பொறி உங்கள் மேல் பறக்காதபடி, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக நில்லுங்கள்.

மாவலி வேறு. ஆண்பனையின் பூவைச் சுட்டுக் கரியாக்கி, பொடித்துத் துணியில் இறுகச் சுற்றி, பனைமட்டைத் துண்டுகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிற்றில் சுழற்றினால் பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சொரியும். வெடிச்சத்தம் கிடையாது, மருந்து கிடையாது. ஊரிலிருந்து யாராவது கட்டிக்கொண்டு வந்தால், தண்ணீர் தொட்டிக் குழாய், துணிக்கொடி, சோலார் தகடு எதுவும் அருகில் இல்லாத திறந்த மைதானத்தில், பழகிய பெரியவர் ஒருவர் சுற்றிக்காட்டலாம். தீபாவளியில் மிஞ்சிய பட்டாசை இன்று தீர்த்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். மழைக்கால ஈரத்தில் நமுத்த பட்டாசு எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது.

எட்டாம் படி: மறுநாளும் குப்பைக் கார்த்திகையும்

மூன்றாம் நாள் விளக்கு குப்பைமேட்டுக்கு. அடுக்குமாடிகளில் பெரும்பாலோர் விட்டுவிட்ட வழக்கம் இது, விடாமல் வைத்துக்கொள்ள மிக எளிதானதும் இதுவே. கீழே குப்பைத் தொட்டிகள் இருக்கும் இடத்தை அன்று காலையில் கழுவிவிடச் சொல்லி, மாலையில் தொட்டிகளிலிருந்து தள்ளிச் சுவரோரமாக, மணல் தட்டில் ஒரே ஓர் அகல் ஏற்றினால் போதும். தூய்மைப் பணி செய்பவர்களுக்குப் பொரி உருண்டையும் பண்டிகைக் காசும் கொடுப்பதை இந்த நாளில் வைத்துக்கொள்வது பொருத்தமாக இருக்கும்.

பிறகு கழுவும் வேலை. தரையில் சிந்திய எண்ணெய்மேல் கோலமாவைத் தூவி அரை மணி நேரம் விட்டுக் கூட்டியெடுத்து, அதன்பின் சோப்பு நீரில் துடைத்தால் வழுக்காது. அகல்களில் மீந்த எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும். பழைய செய்தித்தாளால் துடைத்தெடுத்துக் குப்பையில் போட்ட பிறகே அகல்களை வெந்நீரும் சிகைக்காயும் போட்டுத் தேய்க்க வேண்டும். நன்றாகக் காய்ந்ததும் தாளில் சுற்றி எடுத்துவைத்தால் அடுத்த கார்த்திகைக்கு ஆகும், வழக்கத்துக்காக இரண்டு புது அகல் மட்டும் வாங்கினால் போதும். விரிசல் விட்டவற்றைத் தனியே பொறுக்கி வைத்துக்கொள்ளுங்கள். பால்கனித் தொட்டியின் அடித்துளைமேல் ஒன்றைக் கவிழ்த்து மண் நிரப்பினால், அடுத்த மழைக்குத் தண்ணீர் வடியும், மண் கரைந்து போகாது.